மரணக் கணக்கை வாரந்தோறும் வெளியிட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் 'வெயிலுக்கு முதியவர் பலி' என்ற ஒற்றைப் பத்திச் செய்தி உங்கள் நாளிதழில் தவறாமல் வந்துவிடுகிறது. சாலையோரம் மயங்கி விழுந்தவர், பஸ் நிலையத்தில் சுருண்டு கிடந்தவர் என்று ஒரு பருவத்துக்கு நாலைந்து பேர் அதில் தேறுகிறார்கள். தகரக் கூரையின் கீழ் இரண்டு இரவு உறக்கமின்றிப் புழுங்கி, மூன்றாம் நாள் விடியற்காலையில் மாரடைப்பில் போனவர் அந்தக் கணக்கில் சேர்வதே இல்லை. அவரை வெயில்தான் கொன்றது என்று எந்த மருத்துவரும் எழுதித் தர மாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

நகராட்சி ஒன்றின் பிறப்பு-இறப்புப் பதிவுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். இறப்புக்கான காரணம் என்ற கட்டத்தை நம்பி எதையும் கணக்கிட முடியாது என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்த எவருக்கும் தெரியும். 2020இல் இந்தியாவில் பதிவான மரணங்களில் 22.5 விழுக்காட்டுக்குத்தான் மருத்துவர் சான்றளித்த காரணம் இருந்தது. சான்று உள்ளவற்றிலும் 'இதயத் துடிப்பு நின்றதால் மரணம்' என்று எழுதப்பட்டவை ஏராளம். துடிப்பு நிற்காமல் இறந்தவர் எவரையும் எங்கள் அலுவலகம் பதிவு செய்ததில்லை.

காரணத்தை நம்ப முடியாது என்றாலும் எண்ணிக்கையை நம்பலாம். 2010 மே மாதம் அகமதாபாத்தில் வெப்பம் 46.8 டிகிரியைத் தொட்டது. ஆய்வாளர்கள் பின்னர் அந்த நகரின் இறப்புப் பதிவுகளை எடுத்து, அதற்கு முந்தைய, பிந்தைய ஆண்டுகளின் மே மாதத்தோடு ஒப்பிட்டார்கள். வழக்கமாக 3,118 பேர் இறந்திருக்க வேண்டிய மாதத்தில் 4,462 பேர் இறந்திருந்தார்கள். கூடுதலாகப் போன உயிர்கள் 1,344. எவருடைய சான்றிதழையும் பிரித்து 'இவர் வெயிலால் இறந்தாரா' என்று விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. 2013இல் அந்த நகரம் வெப்பத்தை எதிர்கொள்ளும் செயல்திட்டத்தைக் கொண்டுவந்ததற்கு அந்த மே மாதம்தான் காரணம்.

தமிழ்நாடு அரசும் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதில் இறப்பவர்களின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. நல்ல அறிவிப்பு. ஆனால் நிவாரணம் கேட்டு வரும் ஒவ்வொரு குடும்பமும் வெயிலால்தான் இறந்தார் என்று தனித்தனியே நிரூபித்தாக வேண்டும். மொத்தத்தில் எத்தனை பேரை வெயில் கொண்டுபோனது என்ற கேள்விக்கு நிவாரணக் கோப்புகளில் விடை கிடைக்காது. அந்த விடை இறப்புப் பதிவேட்டில் இருக்கிறது.

இருப்பதை எடுத்துப் பார்ப்பதில்தான் நமக்குத் தாமதம். நாட்டில் 2020இல் பதிவான மரணங்கள் சுமார் 81 லட்சம். 2021இல் 1.02 கோடி. ஒரே ஆண்டில் ஏறத்தாழ 21 லட்சம் கூடுதல். அந்த ஆண்டில் கொரோனா மரணம் என்று அரசு அறிவித்தது சுமார் 3.3 லட்சம். மிச்சம் அனைத்தும் கொரோனாதான் என்று நான் வாதாட வரவில்லை. பதிவு செய்யும் பழக்கம் கூடியதும் அதில் ஒரு பங்கு. எனக்கு உறுத்துவது வேறு. 2021ஆம் ஆண்டின் இந்தக் கணக்கு வெளிவந்தது 2025 மே மாதத்தில். அந்த வீடுகளில் மூன்று திவசங்கள் முடிந்த பிறகு நாட்டுக்கு எண்ணிக்கை தெரிகிறது. சென்னையில் 2020 ஜூலையில், மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டை அரசின் கொரோனாப் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகுதான் விடுபட்ட 444 மரணங்கள் கணக்கில் சேர்க்கப்பட்டன. பதிவேடு அவ்வளவு நாளும் உண்மையை வைத்துக்கொண்டுதான் இருந்தது. யாரும் கேட்கவில்லை.

பிரிட்டனின் தேசியப் புள்ளிவிவர அலுவலகம், இங்கிலாந்து - வேல்ஸில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையோடு முடியும் வாரத்தின் மரணக் கணக்கை அடுத்த பத்துப் பன்னிரண்டு நாளில் வெளியிட்டுவிடுகிறது. 2020 ஏப்ரல் 17இல் முடிந்த வாரத்தில் அங்கே 22,351 மரணங்கள் பதிவாயின; முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட 11,854 அதிகம். ஏப்ரல் 28ஆம் தேதியே இது பொதுமக்கள் கையில் இருந்தது. குளிர்காலக் கணக்கும் அங்கே பல ஆண்டுகள் தனியாக வெளிவந்தது. டிசம்பர் முதல் மார்ச் வரை இறந்தவர்களை, அதற்கு முன்னும் பின்னும் உள்ள மாதங்களோடு ஒப்பிட்டார்கள். 2017-18 குளிரில் மட்டும் 50,100 பேர் கூடுதலாக இறந்ததாக மதிப்பிட்டார்கள். பனியில் விறைத்துச் செத்தவர்கள் அதில் மிகச் சிலரே. பெரும்பாலோர் சளிக்காய்ச்சலிலும் நுரையீரல், இதய நோய்களிலும் போன முதியவர்கள். இது கணினி வந்த பிறகு பிடித்த வித்தையும் இல்லை. 1665 செப்டம்பரில் லண்டனில் ஒரே வாரத்தில் 7,165 பேர் கொள்ளைநோயில் இறந்ததாகச் சொல்லும் வாராந்திரப் பட்டியல் அந்தக் காலத்திலேயே அச்சாகி விற்றது. இறகுப் பேனாவால் அவர்களுக்கு முடிந்தது நமக்கு முடியவில்லை.

எங்கள் ஊர்ப் பெரியவர்கள், 'மார்கழியைத் தாண்டிவிட்டால் கிழவனுக்கு இன்னொரு வருஷம்' என்பார்கள். இங்கும் குளிர் மாதங்களில்தான் முதியவர்கள் அதிகம் போகிறார்களா, மழை முடிந்து காய்ச்சல் பரவும் நாட்களிலா, சித்திரையிலா, மாவட்டத்துக்கு மாவட்டம் அது எப்படி மாறுகிறது என்பதை வாரக் கணக்கு சில ஆண்டுகளில் காட்டிவிடும். எந்த மாதத்தில் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் எதை இருப்பு வைக்க வேண்டும் என்பது வரை அதிலிருந்து திட்டமிடலாம்.

வாரக் கணக்கில் வழுக்கும் இடங்களும் உண்டு. பதிவான தேதி வேறு, இறந்த தேதி வேறு. இங்கிலாந்தில் மருத்துவச் சான்று பதிவாளர் கைக்கு வந்த ஐந்து நாளுக்குள் பதிய வேண்டும். நம் சட்டம் 21 நாள் தருகிறது. முப்பது நாள் வரை தாமதக் கட்டணம், ஓராண்டு வரை அனுமதி, அதற்கும் பிறகு நடுவரின் உத்தரவு என்று இழுத்துக்கொண்டே போகலாம். வாரிசுச் சான்றிதழ், காப்பீடு, பட்டா மாற்றம் என்று ஏதாவது காத்திருந்தால் மறுநாளே வந்து நிற்பார்கள். பெயரில் ஒரு சென்ட் நிலமும் இல்லாத பாட்டியின் மரணத்தைப் பதிய யாருக்கும் அவசரம் இருக்காது. பெண்களின் மரணம் பதிவில் குறைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பொங்கல் வாரத்தில் அலுவலகம் மூடிக்கிடக்கும், எண்ணிக்கை சரியும். அடுத்த வாரம் சேர்ந்தாற்போல் எகிறும். அதைப் பார்த்துப் புதிய நோய் வந்துவிட்டது என்று ஒருவர் கிளப்பிவிடுவார். பண்டிகையைத் தமிழர்கள் சாவின்றிக் கொண்டாடினார்கள் என்று இன்னொருவர் எழுதக்கூடும். இங்கிலாந்திலும் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் வாரங்களில் இதே ஏற்ற இறக்கம்தான்.

இன்னொன்று, மரணம் நிகழ்ந்த ஊரில்தான் பதிவாகும். விழுப்புரத்திலிருந்து கொண்டுவரப்பட்டுச் சென்னை மருத்துவமனையில் இறந்தவர் சென்னைக் கணக்கில் ஏறுவார். வசிப்பிடம் படிவத்திலேயே கேட்கப்படுகிறது, அதைக்கொண்டு பிரித்துவிடலாம். சராசரியை எடுப்பதிலும் கவனம் வேண்டும். 2021ஐ வழக்கமான ஆண்டாக நினைத்துச் சராசரியில் சேர்த்தால் அதற்குப் பிந்தைய ஆண்டுகள் அனைத்தும் ஆரோக்கியமாகத் தெரியும். இங்கிலாந்தில் 2022ஆம் ஆண்டுக்கான ஒப்பீட்டில் 2020ஐ விலக்கி வைத்ததும் இந்தக் காரணத்தால்தான்.

இவற்றைச் சாக்காகச் சொல்லிக் கணக்கைப் பூட்டிவைக்கத் தேவையில்லை. இறந்த தேதியின்படி வாரம் பிரித்து, 'தற்காலிகம்' என்று குறிப்பிட்டு வெளியிட்டு, தாமதப் பதிவுகள் வர வரத் திருத்திக்கொண்டே போகலாம். அமெரிக்காவிலும் தற்காலிகம் என்று சொல்லியே வெளியிடுகிறார்கள். திருத்தப்பட்ட சட்டம் 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து பதிவுகளுக்கு நாடு தழுவிய தரவுத்தளம் உண்டு. பதிவுகள் கணினியில் ஏறுகின்றன. பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டு, மாவட்டம், வயதுப் பிரிவு, ஆண், பெண் என்று கூட்டித் தருவது பெரிய வேலை இல்லை.

நம் மாநிலத்தில் பொதுச் சுகாதாரத் துறை இயக்குநரே பிறப்பு-இறப்புத் தலைமைப் பதிவாளர். தொற்றுநோயைத் தடுப்பவரும் மரணத்தை எண்ணுபவரும் ஒரே நாற்காலியில் இருக்கிறார்கள்; கோப்பு வேறு துறைக்குப் போக வேண்டிய தொல்லைகூட இல்லை. முதலில் சென்னை, மதுரை, கோவை மாநகராட்சிகளின் கணக்கையாவது அவர் வாரந்தோறும் வெளியிட வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்களிடமும் ஒரு கோரிக்கை. மேட்டூர் அணையின் நீர்மட்டத்தையும் தங்கத்தின் விலையையும் தினமும் வெளியிடுகிறீர்கள். அரசு கணக்கைத் தரத் தொடங்கினால், அவற்றுக்குப் பக்கத்தில் வாரம் ஒருமுறை நாலு வரி ஒதுக்குங்கள்: கடந்த வாரம் இத்தனை பேர், வழக்கமாக இத்தனை பேர், மூன்று வாரத்துக்கு முந்தைய கணக்கில் திருத்தம் இவ்வளவு. அந்தத் திருத்த வரியை மட்டும் இடமில்லை என்று வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நகராட்சி ஊழியர்,
தஞ்சாவூர் மாவட்டம்.