கிளம்பும் முன் ஒரு கடன் கணக்கு

வரும் ஞாயிறு முதல் இந்த விளையாட்டுப் பத்தியை வேறொருவர் எழுதுவார். டெல்லியிலிருந்து வரும் ஓர் ஆங்கில வார இதழில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. "நேஷனல் லெவலுக்குப் போயிட்டே" என்று தெருவில் எல்லாரும் சொல்கிறார்கள். கபடியில் மாவட்ட அணியிலிருந்து முன்னேறிப் போன பையனைச் சொல்வது போலத்தான் காதில் விழுகிறது. மூட்டை கட்டும்போதுதான் தெரிகிறது, இதில் என் சொந்தச் சாமான் ரொம்பக் குறைவு. கடன் வாங்கியதுதான் அதிகம். கொடுத்தவர்கள் பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார்கள். பெயர் சொல்லாமலே கணக்கை எழுதுகிறேன்.

முதலில் திருவல்லிக்கேணி ஐயா. கிரிக்கெட் லீக் ஆட்டங்களுக்குப் பல வருடம் ஸ்கோர் எழுதியவர். இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் சம ரன்னில் முடித்த சேப்பாக்கம் 'டை' டெஸ்ட் நடந்து 25 வருடம் ஆகிறது என்று 2011-இல் ஒரு கட்டுரை எழுதினேன். 1986 செப்டம்பர் 22, கடைசி ஓவர், இந்தியாவுக்கு 4 ரன் வேண்டும், கையில் ஒரே ஒரு விக்கெட். எல்லாம் சரியாகத்தான் எழுதினேன், மணிந்தர் சிங்கை எல்.பி.டபிள்யூ. ஆக்கியவர் ரே பிரைட் என்று எழுதியதைத் தவிர. காலை ஏழு மணிக்கு ஐயாவிடமிருந்து போன். திட்டவில்லை. "தம்பி, ஒரு காபி சாப்பிட வாங்க" என்றார்.

போனேன். பரணிலிருந்து இறக்கிய நீள நோட்டு ஒன்று மேஜையில் தயாராகக் கிடந்தது. அன்று அவர் அதிகாரபூர்வ ஸ்கோரர் இல்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு போய், வெயிலில் உட்கார்ந்து, தனக்காக எழுதிய நோட்டு அது. கடைசி ஓவருக்கான கட்டத்தில் பென்சிலால் ரன் இல்லை என்று ஒரு புள்ளி, ஒரு 2, ஒரு 1, மறுபடியும் புள்ளி, அப்புறம் விக்கெட்டுக்கு ஒரு டபிள்யூ. அந்த டபிள்யூவை அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்து, அடுத்த பக்கத்திலும் தடம் விழுந்திருந்தது. நேரே, பந்து வீசியவர் என்று கிரெக் மேத்யூஸ் பெயர். சென்னை வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பந்து வீசிய மனிதர். அவரைப் போயா மறப்பேன்! இரண்டாவது இன்னிங்ஸில் மேத்யூஸுக்கு 5 விக்கெட், பிரைட்டுக்கும் 5. "நீங்க எழுதினபடி பார்த்தா இவருக்கு 4, அவருக்கு 6 ஆயிடும். ஒருத்தர் சம்பாதிச்சதை எடுத்து இன்னொருத்தர் பையில போடலாமா?" அவ்வளவுதான் சொன்னார். காபி நன்றாகத்தான் இருந்தது, தொண்டையில் இறங்கவில்லை. கிளம்பும்போது நோட்டைக் கையில் கொடுத்து, "வச்சுப் பார்த்துட்டுத் தாங்க" என்றார். அதற்குப் பிறகு, எண்கள் வரும் எந்தக் கட்டுரையையும் அவருக்குப் போனில் படித்துக் காட்டாமல் நான் அனுப்பியதில்லை.

அடுத்து எங்கள் இரவுப் பணி சப் எடிட்டர் அண்ணன். 'மண்ணைக் கவ்வியது', 'பந்தாடியது', 'புரட்டி எடுத்தது' மூன்றையும் என் கையிலிருந்து பிடுங்கிக் குப்பையில் போட்டவர். "தோத்தாங்கன்னு எழுதுடா, படிக்கிறவனுக்குப் புரியும்." வெளியூருக்கு முதலில் போகும் டாக் எடிஷன் முடிய பத்து நிமிடம் இருக்கும்போது 600 வார்த்தையை 400 ஆக்குவார். மறுநாள் படித்தால் எந்த 200 போனது என்று எனக்கே தெரியாது. இதற்காக அவரிடம் ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கிறேன், அதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

செஸ் டீச்சருக்கு வருகிறேன். 2013 நவம்பரில் ஆனந்த் - கார்ல்சன் உலகப் பட்டப் போட்டி சென்னையில் நடந்தபோது, குதிரை எப்படிப் போகும் என்பதுவரை எனக்குத் தெரியும். பள்ளிப் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித்தரும் ஒருவர், தன் வீட்டில் பலகையை விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஆட்டத்தையும் போனில் எனக்கு விளக்கினார். ஒன்பதாவது ஆட்டம். ஆனந்த் ஜெயித்தே ஆக வேண்டும். வெள்ளைக் காய்களோடு கார்ல்சனின் ராஜாவை நெருக்கிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் கார்ல்சனின் சிப்பாய் கடைசிக் கட்டத்துக்கு வந்து ராணியாகி, செக். 28-வது நகர்த்தலில் ஆனந்த் குறுக்கே குதிரையை வைத்தார். கார்ல்சன் பதிலுக்கு ஒரே ஒரு காயை நகர்த்தினார், ஆட்டம் முடிந்துவிட்டது. "குதிரைக்குப் பதிலா பிஷப்பை வச்சிருந்தா இன்னும் ஆட்டம் இருந்திருக்கும் சார்" என்று சொல்லிவிட்டு டீச்சர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "நாளைக்குப் பசங்ககிட்ட இதை எப்படிச் சொல்றது?" என்றார். மறுநாள் கட்டுரை அந்தக் கேள்வியில்தான் தொடங்கியது. பாராட்டு எனக்கு வந்தது. டீச்சர், அது உங்களுடையது.

சேலம் பகுதி நேர நிருபருக்கும் ஒரு கடன் உண்டு. 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்ற பிறகு, என்னைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு அவர் ஊரான பெரியவடகம்பட்டிக்குப் போனார் நிருபர். வழியில் டீக்கடையில் நிறுத்தி, "சார், கால் எப்படி அடிபட்டுச்சுன்னு ஆரம்பிக்காதீங்க. வர்றவங்க எல்லாம் அதைத்தான் கேக்கறாங்க. எப்படித் தாண்டினான்னு கேளுங்க" என்றார். எந்தப் பத்திரிகைப் பள்ளியிலும் இதைச் சொல்லித்தரவில்லை, அல்லது அன்று நான் வகுப்புக்குப் போகவில்லை.

சித்தப்பாவை எங்கே வைப்பது? 1999 ஜனவரி 31 அன்று, பாகிஸ்தானுடனான டெஸ்ட்டின் கடைசி நாளில், சேப்பாக்கத்துக்கு என்னைக் கூட்டிப்போனவர் அவர். சச்சின் 136-இல் அவுட் ஆனபோது இன்னும் 17 ரன் வேண்டும். அவரோடு சேர்த்துக் கடைசி நான்கு விக்கெட்டும் 4 ரன்னுக்குள் போய், 12 ரன்னில் தோற்றோம். நான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி ஓடி வர, ஸ்டாண்ட் ஸ்டாண்டாக ஜனம் எழுந்து கைதட்டியது. சித்தப்பா என் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். "தட்டுடா, நல்லாத்தானே ஆடினாங்க." என் முதல் விளையாட்டுக் கட்டுரை அன்றைக்கே முடிந்துவிட்டது, எழுதத்தான் சில வருடம் ஆனது.

வாசகர்களே, சிவப்பு மையில் ஒற்றுப் பிழை திருத்தி வாராவாரம் தபால் அட்டை போட்டவரே, ஹாக்கி பற்றி ஏன் எழுதுவதில்லை என்று சண்டை போட்ட எழும்பூர் நண்பர்களே, நீங்கள் கேட்டது நியாயம். கிரிக்கெட்டுக்கு நான் நிறையவே இடம் கொடுத்துவிட்டேன். அடுத்து எழுத வரும் தங்கை ஹாக்கி ஆடியவர். அவரிடம் கேளுங்கள். 16 வருட ஞாயிறுகளை எனக்கு விட்டுக்கொடுத்த வீட்டுக்காரியிடம் நன்றியை நேரில் சொல்லிக்கொள்கிறேன், இங்கே எழுதினால் சிரிப்பாள்.

ஒரு வாரத்தில் தருகிறேன் என்று வாங்கிய அந்த நோட்டு இத்தனை வருடமும் என் அலமாரியில்தான் இருந்தது. டெல்லிக்குக் கட்டிய பெட்டியில் அதையும் வைத்துவிட்டு, நேற்று ராத்திரி ஞாபகம் வந்து வெளியே எடுத்தேன். ஐயா, சனிக்கிழமை சாயங்காலம் கொண்டுவருகிறேன். கிழிந்த இடத்தில் டேப் எதுவும் ஒட்டவில்லை, அப்படியே இருக்கிறது.