திருவிருந்துக்கு முந்தின மாலையைத் திரும்பக் கொடுங்கள்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஆயர்களே, சேகரக் குழுவினரே,

மாதத்தின் முதல் ஞாயிறு, அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று, முந்தின வாரம் அறிவிப்பதையே பல சபைகளில் விட்டாயிற்று. சனிக்கிழமை மாலை ஆயத்த ஆராதனை நாலு பேர் வரும் ஜெபக்கூட்டமாகச் சுருங்கிவிட்டது. ஞாயிறன்று 'நம்மை நாமே சோதித்தறிவோம்' என்று சொன்ன பத்தாவது விநாடியில் பாவ அறிக்கை தொடங்குகிறது. அதற்குள் யார் எதைச் சோதிப்பது?

தன்னைத்தானே சோதித்தறியச் சொன்ன அப்போஸ்தலன் பவுல், கொரிந்து சபையாரைக் கண்டித்தது எதற்காக? வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட, இல்லாதவர்கள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள் (1 கொரி. 11:20-22). ஆகவே இந்தச் சுயசோதனையின் முதல் கேள்வி பக்கத்தில் முழங்கால்படியிடுகிறவரைப் பற்றியது. யாரோடு பேச்சுவார்த்தை இல்லை? யாருடைய கூலி, கடன், பங்கு நம் கையில் நிற்கிறது? கமிட்டித் தேர்தல் முடிந்த மாதத்தில் இதைக் கேட்க யாருக்கும் தைரியம் வருவதில்லை. அந்த மாதத்தில்தான் கேட்க வேண்டும்.

1662ஆம் வருடத்து ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகம், பந்தியில் சேருகிறவர்கள் முந்தின நாளே குருவிடம் பெயர் கொடுக்கச் சொன்னது. பகையுள்ள இருவர் ஒப்புரவாகும்வரை அவர்களைச் சேர்க்கக் கூடாது. ஒருவர் மனதார மன்னித்தும் மற்றவர் முரண்டுபிடித்தால், மன்னித்தவரைச் சேர்க்கலாம். பெயர்ப் பதிவு இன்று நடக்காது, விட்டுவிடுவோம். ஆனால் ஒருவர் வீட்டுக்கு நடந்துபோய்ப் பேச ஒரு மாலையாவது வேண்டாமா? ஆயத்த ஆராதனையை முக்கால் மணி நேரத்தில் முடியுங்கள்: 1 கொரி. 11, மத்தேயு 5:23-24 (காணிக்கைக்கு முன் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்லும் பகுதி), குறுகிய தியானம், பத்து நிமிட மௌனம். கீபோர்டு வேண்டாம். ஞாயிறன்று பாவ அறிக்கைக்கு முன் முழுதாக இரண்டு நிமிடம் விடுங்கள்.

'எனக்குத் தகுதியில்லை' என்று கடைசி பெஞ்சிலேயே தங்கிவிடுகிறவர்களிடம் தனியாகப் பேசுங்கள். 1 கொரி. 11இன் 28ஆம் வசனம் சோதிப்பதோடு நிற்கவில்லை. சோதித்துப் புசிக்கவே சொல்கிறது. பயத்தால் வருஷக்கணக்காக விலகி நிற்பதைப் பக்தி என்று நாம் பாராட்டக் கூடாது.

பீடத்து வேலைக்கும் இதே கவனம் தேவை. ஒருவருக்கான சின்னக் கிண்ணத்தில் பத்து மில்லி திராட்சரசம் போதும். முந்நூறு பேருக்கு மூன்று லிட்டர். விளிம்புவரை ஊற்றினால் முழங்கால்படியிட்டவர் வாங்கும்போதே சிந்தும். வீட்டில் காய்ச்சிய திராட்சரசத்தை ஃபிரிட்ஜில் வைக்காவிட்டால் புளித்து நுரைக்கும். சனிக்கிழமையே திறந்து ருசி பாருங்கள். ஞாயிறு தலையெண்ணிக்கையைச் சனிக்கிழமை வந்தவர்களை வைத்துப் போடாதீர்கள், ஏமாந்துபோவீர்கள். சென்ற மாதக் கணக்கைப் பாருங்கள். குறைந்தால் நடுவில் இன்னும் கொஞ்சம் அப்பத்தையும் ரசத்தையும் ஜெபித்து மறுபடி பிரதிஷ்டை செய்யலாம். மிஞ்சுவதில்தான் அதிகம் தவறு நடக்கிறது: வெஸ்ட்ரி (ஆயர் அங்கி மாற்றும் அறை) ஸிங்க்கில் ஊற்றுகிறார்கள், அப்பத்தைப் பிள்ளைகள் பொரிபோல அள்ளுகிறார்கள். ஆசீர்வாதம் முடிந்ததும் ஆயரும் இரண்டு மூன்று பேரும் அங்கேயே உட்கொண்டு, பாத்திரத்தில் தண்ணீர் விட்டு அலசி, அதையும் குடித்துவிட வேண்டும்.

அடுத்த மாதத்துக்கு முந்தின ஞாயிறு அறிவிப்பில் சனிக்கிழமை மாலை ஆறரை மணி என்று சேர்த்துவிடுங்கள். கமிட்டி உறுப்பினர்கள் முதலில் வந்து உட்காரட்டும்.