ஒரே நாளில் இரண்டு அஞ்சலி

சேன்ட் ஆந்த்ரே,
ரீயூனியன்.
நவம்பர் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கே மழை எப்படி? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? போனில் பேசினால் பாதி நேரம் “கேட்குதா, கேட்குதா” என்பதிலேயே போய்விடுகிறது. அதனால்தான் கடிதம். தவிர, இதை உங்களுக்குத்தான் எழுத வேண்டும். நம் வீட்டில் சொல்தா, பிரெஞ்சுப் படையில் இருந்தவர், நீங்கள் ஒருவர்தானே.

நேற்று நவம்பர் 11, முதல் உலகப் போர் ஓய்ந்த நாள். வழக்கம்போல நீங்கள் கோட்டைப் போட்டுக்கொண்டு, பதக்கங்களைக் குத்திக்கொண்டு, புதுச்சேரி கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்துக்குப் போயிருப்பீர்கள். இந்தியப் பெருங்கடலில் இருக்கிற இந்தப் பிரெஞ்சுத் தீவில், ஊர் விழாவுக்கு நானும் போனேன். விடுமுறை என்றால் துணி துவைக்க உட்காருகிற ஆள் நான். ஆனால் சின்னவன் பள்ளியிலிருந்து நாலைந்து பிள்ளைகளைப் பெயர் வாசிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். போகாமல் இருக்க முடியுமா?

ஒன்பது மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. நம் ஊரில் மேயில் பூக்குமே, அந்தச் சிவப்புப் பூ மரம், அது இங்கே இப்போதுதான் பூக்கத் தொடங்கியிருக்கிறது. நிழலெல்லாம் முன்கூட்டியே வந்தவர்களுக்குப் போய்விட்டது. கொடி பிடிக்கிற பெரியவர்கள் மட்டும் வெட்டவெளியில் வரிசையாக நின்றார்கள். வெள்ளைக் கையுறை, தலையில் தொப்பி. அதில் ஒருவருக்குக் கை நடுக்கம். கொடிக்கம்பின் அடியைத் தாங்குகிற தோல் வார் நழுவிக்கொண்டே இருந்தது. பின்னால் நின்ற பையன் ஒருவன் யாருக்கும் தெரியாமல் அதை மேலே இழுத்து இழுத்து விட்டான். கடைசி வரை அந்தக் கம்பு சாயவில்லை. வாசலில் எல்லோர் சட்டையிலும், போரில் இறந்தவர்கள் நினைவாக அணிகிற நீலப் பூவைக் குத்தினார்கள். உண்டியலில் நானும் இரண்டு யூரோ போட்டேன். அந்தக் காசு முன்னாள் வீரர்களுக்கும் போரில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கும் போகிறதாம்.

மேர், அதாவது ஊர் மேயர், பேச்சு நீளம். இந்த விஷயத்தில் எல்லா ஊரும் ஒன்றுதான். 1918-இல் பிரான்சின் காம்பியேன் காட்டில் ஒரு ரயில் பெட்டிக்குள் விடிவதற்கு முன்பே போர் நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகி, காலை 11 மணிக்குத்தான் பீரங்கிகள் ஓய்ந்தன என்றார். ரோலான் கேரோஸ் பற்றியும் சொன்னார். டென்னிஸ் மைதானத்துக்கு வைத்த பெயராகத்தான் உலகத்துக்குத் தெரியும். ஆள் இந்தத் தீவின் தலைநகர் சேன்ட் தெனியில் பிறந்த விமானி. 1918 அக்டோபர் 5-ஆம் தேதி வானத்தில் நடந்த சண்டையில் இறந்தார். மறுநாள் அவருக்கு முப்பது வயது. இன்னும் ஐந்து வாரம் தாக்குப் பிடித்திருந்தால் போரே முடிந்திருக்கும். இங்கே விமான நிலையத்துக்கும் அவர் பெயர்தான்.

அப்புறம் பெயர் வாசிப்பு. ஒரு பிள்ளை ஒரு பெயரைச் சொல்ல, “பிரான்சுக்காக உயிர் விட்டவர்” என்று கூட்டம் முழுக்கப் பதில் சொல்கிறது. வரிசையாகப் பிரெஞ்சுப் பெயர்கள். நடுவில் திடீரென்று ராமசாமி, வீராப்பன் மாதிரி நம் பெயர்கள், எழுத்து மட்டும் பிரெஞ்சுக்காரன் காதில் விழுந்தபடி. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாக வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். 1889-ஆம் வருடச் சட்டப்படி இந்த மண்ணில் பிறந்த அவர்கள் பிரெஞ்சுக் குடிமக்கள் ஆனார்கள். குடிமகன் ஆனால் படைக்கும் போகத்தானே வேண்டும். சின்னவன் தன் பங்குக்கு வந்த பெயர்களைத் திக்காமல் வாசித்தான். முந்தின நாள் இரவு என்னிடம் நாலு தடவை ஒப்பித்த பலன்.

இதோடு வீட்டுக்கு வந்து படுத்திருப்பேன். பக்கத்து வீட்டு அக்கா விடவில்லை, சாயங்காலம் கிராந்த் ஷாலூப் போகலாம் என்று காரில் ஏற்றிக்கொண்டார். சேன்ட் தெனிக்கு மேற்கே, மலைக்கும் கடலுக்கும் நடுவில் ஒடுக்கமான இடம். கப்பலில் வந்த கூலிகளை நோய் பரவாமல் ஒதுக்கி வைத்த கட்டடங்கள் இன்னும் அங்கே நிற்கின்றன. நம் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏறியவர்கள் முதலில் பார்த்த ரீயூனியன் அதுதான். இந்தியாவிலிருந்து இங்கே ஆள் ஏற்றக் கூடாது என்று பிரிட்டிஷ்காரன் 1882-இல் நிறுத்தியதும் ஒரு நவம்பர் 11 தானாம். அதனால் இங்கே உள்ளவர்கள் அதே நாளில் தங்கள் பாட்டன் பூட்டன்களுக்கும் பூ வைக்கிறார்கள். காலையில் பார்த்த முகங்கள் சிலதை மாலையில் இங்கேயும் பார்த்தேன், கோட்டு மட்டும் கழன்று வேட்டி ஏறியிருந்தது. இங்கே பிறந்தவர்களில் பலருக்குத் தமிழ் பேச வராது, பிரெஞ்சிலிருந்து வந்த உள்ளூர்ப் பேச்சான க்ரெயோல்தான். ஆனால் கற்பூரம் காட்டும்போது கை போகிற விதம் அப்படியே நம் ஊர்.

ஒன்றுதான் எனக்குப் பொறுக்கவில்லை அப்பா. மகன் பெயர் கல்லில் இருக்கிறது, அதை வருடா வருடம் பிள்ளைகள் வாசிக்கிறார்கள். கரும்பு வெட்டியே செத்த தகப்பன் பெயர் ஏதோ பழைய பதிவேட்டில், ஒரு எண்ணுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. துப்பாக்கியோடு செத்தால்தான் சாவு போலிருக்கிறது. அக்காவிடம் இதைச் சொன்னேன். “எங்களுக்கு இந்த நாளே போன தலைமுறைக்கு அப்புறம்தான் கிடைத்தது, பொறு” என்றார். நான் பொறுக்கிற ஆளா, உங்களுக்குத் தெரியாதா!

உங்களுக்குப் பிடித்த சேதி ஒன்று. இரண்டாம் உலகப் போரில் ரீயூனியன், ஜெர்மனியோடு ஒத்துப்போன பிரான்சின் விஷி அரசாங்கத்தின் பக்கம் இருந்தது. 1942 நவம்பர் 28-இல் ‘லெயோபார்’ என்ற போர்க்கப்பல் வந்த பிறகுதான், ஜெர்மனியை எதிர்த்து நின்ற தெ கோல் பக்கம் சேர்ந்தது. அதுவரை முற்றுகையில் அரிசியும் துணியும் இல்லாமல், கோணிச் சாக்கைத் தைத்து உடுத்தியிருக்கிறார்கள். நம் புதுச்சேரியோ, கவர்னர் போன்வேன் காலத்தில் 1940 செப்டம்பரிலேயே சேர்ந்துவிட்டது. சாப்பாட்டு மேஜையில் இதைச் சொல்லிக் காட்டினேன், மாப்பிள்ளை வீட்டார் வாயைத் திறக்கவில்லை.

இரண்டாம் உலகப் போர் ஐரோப்பாவில் முடிந்த மே 8-ஆம் தேதியும் இங்கே இதே மாதிரி விழா, அதுவும் விடுமுறை. அதற்குள் நீங்களும் அம்மாவும் கிளம்பி வாருங்கள். கொடி பிடிக்க ஆள் குறைந்துகொண்டே வருகிறது என்று அந்தப் பெரியவர்கள் புலம்புகிறார்கள். ஜிபூத்தியில் இருந்த மரைன் காலாட்படைக்காரர் என்று உங்களைப் பற்றி ஏற்கெனவே சொல்லி வைத்துவிட்டேன். மொரீஷியஸில் விமானம் மாற வேண்டி வரலாம். பதக்கங்களைப் பெட்டியில் போடாதீர்கள், கையோடு கொண்டு வாருங்கள். பென்ஷனுக்கு ஆயுள் சான்றிதழ் அனுப்பிவிட்டீர்களா? தம்பியிடம் கேட்டால் “ஆச்சு, ஆச்சு” என்கிறான், எனக்கு நம்பிக்கை இல்லை.

உங்கள் மகள்