இணையக் கடைகளுக்குத் தரகு பார்ப்பவர்களுக்கு: அந்த இரண்டு பக்க ஒப்பந்தத்தை மாற்றுங்கள்

அன்புள்ள தரகர்களுக்கு,

நீங்கள் கைமாற்றிவிடும் இணையக் கடைகள் தகராறில் சிக்கிய பிறகு கோப்பைப் பிரித்துப் பார்க்கும் வழக்கறிஞர்களும் ஆடிட்டர்களும் எழுதுகிறோம். கோப்பில் இருப்பது பெரும்பாலும் ஒரே மாதிரி ஆவணம்: முத்திரைத்தாளில் இரண்டு பக்கம், பாஸ்வேர்டு பட்டியல், "இன்றைய தேதிவரை உள்ள பாக்கிகளுக்கு விற்பவரே பொறுப்பு" என்று ஒரு வரி. வாங்குபவர் அந்த வரியை நம்பித்தான் முழுப் பணத்தையும் கொடுக்கிறார்.

ஜிஎஸ்டி துறையை அந்த வாசகம் கட்டுப்படுத்தாது. மத்திய ஜிஎஸ்டி சட்டம், 2017, பிரிவு 85-இன்படி, தொழில் கைமாறிய நாள்வரைக்கான வரி, வட்டி, அபராதம் மூன்றுக்கும் விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு. அன்றைக்குத் தெரியாமல் பின்னால் நிர்ணயிக்கப்படும் பாக்கியும் இதில் அடங்கும். 2024-25 நிதியாண்டு முதல், ஆண்டு ரிட்டர்னுக்கான கெடு நாளிலிருந்து 42 மாதம்வரை நோட்டீஸ் அனுப்பலாம். அந்த ஆண்டின் கெடு 2025 டிசம்பர் 31. ஆக 2029 ஜூன்வரை நோட்டீஸ் வரலாம். இழப்பை விற்பவர் ஈடுகட்டுவார் என்று நீங்கள் எழுதித் தரும் காலமோ ஆறு மாதம்.

அதே வாசகம் இன்னொரு பக்கமும் இடிக்கிறது. விற்பவரின் ஜிஎஸ்டி லெட்ஜரில் மீதமிருக்கும் உள்ளீட்டு வரி வரவை (கொள்முதலில் கட்டிய வரிக்கான வரவு) வாங்குபவருக்கு மாற்ற ஐடிசி-02 படிவம் வேண்டும். கடன்பொறுப்புகளையும் சேர்த்து மாற்ற ஒப்பந்தத்தில் தனி ஏற்பாடு இருப்பதாக ஆடிட்டர் சான்று தர வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி விதிகளின் விதி 41. பொறுப்பே மாறவில்லை என்று எழுதிவிட்டு அந்தச் சான்றைக் கேட்க முடியாது. மாறும் பொறுப்புகளைத் தொகையோடு இணைப்பில் பட்டியலிடுங்கள். பட்டியலில் இல்லாதது கிளம்பினால் விற்பவர் ஈடுகட்ட வேண்டும் என்று எழுதுங்கள். வரிசையும் முக்கியம்: வாங்குபவரின் பான் எண்ணில் புதிய பதிவு, விற்பவரின் நிலுவை ரிட்டர்ன்கள், ஐடிசி-02, அதை வாங்குபவர் போர்ட்டலில் ஏற்பது. விற்பவர் தன் பதிவை ரத்து செய்வது கடைசி வேலை.

அடுத்தது தளத்தில் இருக்கும் படம், எழுத்து, நிரல் ஆகியவற்றின் உரிமை. சேலை விற்கும் தளம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படங்கள், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, அவருக்கே சொந்தம். ஆனால் வெளியாள் எழுதிய மென்பொருள் நிரலும் சேலைக் குறிப்புகளும், எழுத்தில் மாற்றித் தராதவரை, எழுதியவருக்கே சொந்தம். தன்னிடம் இல்லாத உரிமையை விற்பவர் எப்படித் தருவார்? முறையாக எழுதி வாங்கினாலும் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றே பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். வெளிநாட்டுக்குச் சேலை அனுப்பும் கடைக்கு இந்த விடுபடல் பெரிய ஓட்டை.

"விற்பவர் 10 ஆண்டு இத்தொழிலே செய்யக் கூடாது" என்பதும் நிற்பது கடினம். ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 27 தொழில்தடையைச் செல்லாததாக்குகிறது. குட்வில் (தொழில் சம்பாதித்த நற்பெயர்) விற்பனைக்கு மட்டும் விலக்கு உண்டு; அதற்கும் குறிப்பிட்ட இட எல்லை வேண்டும், வாங்கியவர் அங்கே அதே தொழிலை நடத்த வேண்டும், தடை நியாயமானதாக இருக்க வேண்டும். பல ஒப்பந்தங்களில் குட்வில் என்ற சொல்லே இல்லை. குட்வில்லுக்குத் தனி விலை போடுங்கள். எந்தப் பொருள், எந்தெந்த மாநிலம், எத்தனை ஆண்டு என்று எழுதுங்கள். பழைய வாடிக்கையாளர் பட்டியலைத் தொடக் கூடாது என்பதைத் தனிப் பிரிவாக வையுங்கள். தொழில்தடை விழுந்தாலும் அது தனித்து நிற்க வாய்ப்பு உண்டு.

அமேசான் விற்பனைக் கணக்கு, ஆட்சென்ஸ் (கூகுள் விளம்பர வருமானக் கணக்கு), இன்ஸ்டாகிராம் கணக்கு ஆகியவற்றைச் சொத்துப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அவற்றைப் பிறருக்கு விற்க அந்நிறுவனங்களின் விதிகள் இடம்தருவதில்லை.

வருமானத்துக்கு டாஷ்போர்டு ஸ்கிரீன்ஷாட் போதாது. அதில் தெரிவது வந்த ஆர்டர். கேஷ் ஆன் டெலிவரியில் (சிஓடி) வாங்காமல் திரும்பிய பார்சல் அதில் கழிந்திருக்காது. 12 மாத ஜிஎஸ்டிஆர்-1, 3பி ரிட்டர்ன்கள், பேமென்ட் கேட்வே செட்டில்மென்ட், கூரியரின் சிஓடி பணவரவு, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் மாதவாரியாகப் பொருத்திப் பாருங்கள். பொருத்திய தாளில் விற்பவர் கையெழுத்திடட்டும்; அது ஒப்பந்தத்தின் பகுதியாகட்டும். விற்பவர் உண்மையை மறைத்தார் என்று பின்னால் ஒப்பந்தத்தை ரத்து செய்யப் போனால், சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே என்ற வாதம் ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 19-இன்கீழ் வரும். ஸ்கிரீன்ஷாட்டை நீதிமன்றத்தில் சான்றாக வைக்கவும், 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி ஹேஷ் மதிப்புடன் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு) சான்றிதழ் வேண்டும். கணக்குகளின் மூலக் கோப்புகளைக் கைமாற்றும் அன்றே தரவிறக்கி வையுங்கள்.

கடைசியாக, பணம். ஒரே நாளில் முழுத் தொகையும் வேண்டாம். டொமைன் வாங்குபவர் பெயருக்கு மாறியதும் ஒரு தவணை, ஐடிசி-02 ஏற்கப்பட்டதும் ஒன்று, விற்பவர் இறுதி ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-10 தாக்கல் செய்ததும் ஒன்று. ஒரு பகுதி நோட்டீஸ் காலம் முடியும்வரை கூட்டுக் கணக்கில் இருக்கட்டும். உங்கள் கமிஷனையும் இதே தவணைகளில் வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்தான அன்றே முழுக் கமிஷன் என்ற வழக்கம் இருக்கும்வரை மேலே சொன்ன எதையும் பொறுமையாகச் செய்ய யாருக்கும் நேரம் இருக்காது.