புகையை மாற்றிப் போட்டுவிட்டீர்கள்: வரலாற்றுத் தொடர் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தயாரிப்புக் குழுவினருக்கும் ஒளிபரப்பு நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். இந்த நாட்டில் டச்சு வழிவந்த போயர்களுக்கும் ஆங்கிலேயருக்கும் 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரைப் பற்றிய உங்கள் தொடரின் ஐந்தாம் பகுதி குறித்து ஏற்கெனவே இரண்டு கடிதங்கள் அனுப்பியிருந்தேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்ற ஒரே வரி இரண்டு முறையும் பதிலாக வந்தது. இப்போது அதே பகுதியை அடுத்த மாதம் மறுஒளிபரப்பு செய்யப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். கொலென்சோ சண்டைக் காட்சியையும் லேடிஸ்மித் முற்றுகைக் காட்சியையும் திருத்தாமல் தயவுசெய்து மறுபடியும் காட்டாதீர்கள். என் கோரிக்கை இது ஒன்றுதான்.

கொலென்சோவில் போயர்கள் சுடும்போது ஆற்றங்கரை நெடுகிலும் வெண்புகை எழுவதாகக் காட்டுகிறீர்கள். அவர்கள் கையில் இருந்தது 7 மில்லிமீட்டர் மௌசர் துப்பாக்கி. ஐந்து தோட்டாக்களை ஒரே அழுத்தில் ஏற்றிவிடலாம். சுடுவது புகையில்லா வெடிமருந்தில். 1899 டிசம்பர் 15 அன்று துகேலா ஆற்றின் மறுகரையில் பதுங்கியிருந்தவர்கள் ஆங்கிலேயர் கண்ணுக்குப் படாமல் போனதற்கு இதுவே பெரிய காரணம். ஆங்கிலேயப் படையின் கர்னல் லாங் பன்னிரண்டு பீரங்கிகளைத் திறந்த வெளியில் கொண்டுபோய் நிறுத்தினார், பத்து பறிபோயின. நீங்கள் காட்டும் புகை அன்று எழுந்திருந்தால் இவ்வளவு இழப்பு நேர்ந்திருக்குமா?

லேடிஸ்மித்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. ஆங்கிலேயர் வசமிருந்த அந்த ஊரைச் சூழ்ந்துகொண்ட போயர்கள் மலைமேல் ஏற்றி வைத்திருந்த 155 மில்லிமீட்டர் கிரூசோ பீரங்கி, 'லாங் டாம்', 40 கிலோவுக்கு மேல் எடையுள்ள குண்டை வீசியது. அதற்குப் பயன்பட்டது பழைய கரும் வெடிமருந்து. ஒவ்வொரு முறை வெடிக்கும்போதும் பளிச்சென்ற ஒளியும் பெரும் புகையும் கிளம்பும். அதைப் பார்த்து ஊராருக்கு மணியடித்து எச்சரித்தவர் பிரபு சிங் என்ற ஒப்பந்தத் தொழிலாளி. குண்டு வந்து விழுவதற்கு முன் கிடைத்த சில விநாடிகளில் மக்கள் ஓடி ஒளிந்தார்கள். உங்கள் லாங் டாம் துளிப் புகையும் இல்லாமல் வெடிக்கிறது. புகை போனதும் மணியும் போயிற்று, அவரும் போனார். 118 நாள் முற்றுகையில் அவர் ஒருவருக்காவது ஒரு நிமிடம் ஒதுக்கியிருக்கக் கூடாதா?

ஆங்கிலேயச் சிப்பாய்களின் கையில் முகப்பு மொண்ணையான துப்பாக்கியைக் கொடுத்திருக்கிறீர்கள். 1903க்குப் பிறகுதான் அது வந்தது. அந்தப் பிழையைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். புகையை என்னால் பொறுக்க முடியவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

என் அம்மாவின் தாத்தா ஸ்டேங்கர் பக்கத்துக் கரும்புத் தோட்டத்திலிருந்து காந்தியின் மருத்துவப் படைக்குப் போனவர். ஏறத்தாழ 1,100 பேர் கொண்ட அந்தப் படையில் 800 பேர் அவரைப் போன்ற ஒப்பந்தத் தொழிலாளர்கள். துப்பாக்கிச் சூடு எட்டும் இடத்துக்குள் அவர்கள் போக வேண்டியதில்லை என்றுதான் முதலில் சொல்லியிருந்தார்கள். 1900 ஜனவரியில் ஸ்பியோன் கோப் மலைச் சண்டையில் அந்த எல்லையும் போய்விட்டது. உள்ளே வந்து காயம்பட்டவர்களைத் தூக்கச் சொல்லி ஆங்கிலேயப் படைத் தளபதி ஜெனரல் புல்லரே கேட்டுக்கொண்டார். ஸ்ட்ரெச்சரைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு 20 முதல் 25 மைல் நடந்தார்கள். அந்தச் சண்டையில் படுகாயமுற்ற ஜெனரல் உட்கேட்டைச் சுமந்தவர்களும் இவர்கள்தாம். தாத்தா சொன்னதாக அம்மா இன்றும் சொல்வார்: "சத்தம் கேட்கும், ஆள் தெரியாது. எந்தப் பக்கம் குனிவது என்றே தெரியாது." இரண்டு கைகளும் ஸ்ட்ரெச்சர் கம்பில் இருக்கும்போது, குண்டு வரும் திசையும் தெரியாமல் நடப்பது எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். அந்த அச்சத்தை உங்கள் வெண்புகை அழித்துவிட்டது. அம்மாவுக்கு எண்பத்து நான்கு வயது. பத்து நிமிடம் பார்த்தார். "இது தாத்தா போன போர் இல்லை, நிறுத்து" என்றார்.

1860இல் ஒப்பந்தத் தொழிலாளர்களை முதன்முதலாகச் சென்னையிலிருந்து ஏற்றி வந்த 'ட்ரூரோ' கப்பல் முதல் இன்றுவரை, இந்த நாட்டின் கதையைச் சொல்ல வருபவர்கள் எங்களைக் கூட்டத்தில் ஒரு தலையாகத்தான் நிறுத்துகிறார்கள். உங்கள் தொடரிலும் தலைப்பாகை கட்டியவர்கள் பின்னால் நடந்துபோகிறார்கள். ஒருவருக்கும் ஒரு வரி வசனம் இல்லை. அன்று போர்ப் பதக்கமும் படைத் தலைவர்களுக்குத்தான் கிடைத்தது, சுமந்தவர்களுக்கு இல்லை. முப்பது ஆண்டுகள் வரலாறு கற்பித்தவள் நான். வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் "அப்போது நாம் எங்கே இருந்தோம்?" என்று கேட்பார்கள். வீட்டில் அவர்கள் பார்க்கும் திரையிலாவது அதற்குப் பதில் இருக்க வேண்டும் என்று நினைப்பது பேராசையா?

கடுமையாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். உங்கள் உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. உடைகளும் கூடாரங்களும் அவ்வளவு அக்கறையோடு செய்யப்பட்டிருக்கின்றன. அந்த அக்கறை ஏன் துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் இல்லாமல் போனது என்பதுதான் என் வருத்தம். புகை கணினியில் சேர்க்கப்பட்டது என்று உங்கள் குழுவினரே பேட்டியில் சொன்னார்கள். அப்படியானால் கணினியிலேயே அதை எடுத்துவிடவும் முடியும். மௌசரிலிருந்து புகையை எடுங்கள், லாங் டாமுக்குக் கொடுங்கள், பிரபு சிங்கின் மணியோசையைச் சேருங்கள். மீதமுள்ள பகுதிகளுக்குப் படைக்கலம் அறிந்த ஒருவரை ஆலோசகராக வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை அந்த இரண்டு காட்சிகளையும் ஒளிபரப்ப வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். திருத்திய தேதியைத் தெரிவித்தால், அன்று அம்மாவை மறுபடியும் தொலைக்காட்சி முன்னால் உட்கார வைப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்