எந்தக் கால் என்று ஐந்து முறை கேட்டவர்களுக்கு

எலும்பு முறிவுப் பிரிவு, மயக்க மருந்துப் பிரிவு, ஆபரேஷன் தியேட்டர், ஆண்கள் வார்டு, அப்புறம் 108 வண்டித் தம்பிகள், எல்லோருக்கும் வணக்கம்.

உங்களில் பலருடைய முகம் எனக்குத் தெரியாது. மாஸ்க்குக்கு மேலே கண்ணும், பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் குரலும்தான் தெரியும். பெயர் போட்டு எழுத வேண்டாம் என்று வார்டு சிஸ்டர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இதில் இல்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரிந்துவிடும்.

நான் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்போரம் தொடை எலும்பின் கழுத்தை முறித்துக்கொண்ட 61 வயது ஆள். பஸ் டிப்போவில் 36 வருடம் ஃபிட்டர் வேலை பார்த்தவன். அதனால் நாலு பேர் சேர்ந்து ஒரு வேலையைச் செய்தால், யார் யாரிடம் என்ன சொல்கிறார்கள் என்று காது தானாகவே அங்கே போய்விடும்.

முதலில் 108 தம்பி. கேஷுவல்டியில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டே டாக்டரிடம் ஒரே மூச்சில் சொன்னார்: "வயசு 61, காலைல ஆறு மணிக்கு பாத்ரூம்ல விழுந்திருக்கார், மயக்கம் வரல, தலையில அடி இல்ல, இடது கால் குட்டையா வெளிப்பக்கம் திரும்பியிருக்கு, சுகர் இருக்கு, ஹார்ட்ல ஸ்டென்ட் இருக்கு." டாக்டர் மறுபடி கேட்க எதுவும் பாக்கி இல்லை. எங்கள் டிப்போவில் ஷிஃப்ட் மாறும்போது ரிஜிஸ்டரில் "வண்டியில் சத்தம்" என்று மட்டும் எழுதிவிட்டு வீட்டுக்குப் போன மகராசன்கள் உண்டு. எந்தச் சத்தம், எங்கே, எந்த கியரில் என்று கண்டுபிடிக்கவே எங்களுக்கு அரை நாள் ஓடிவிடும்.

அடுத்து வார்டு ஸ்டாஃப் நர்ஸ். என் வீட்டுக்காரி மஞ்சப்பையில் மாத்திரைகளைக் கொண்டுவந்தாள். "ரத்தம் உறையாம இருக்க ஆஸ்பிரின் மட்டும்தான்" என்று நான் அடித்துச் சொன்னேன். நீங்கள் அட்டையைத் திருப்பி, பொடி எழுத்தைப் படித்துவிட்டு, "ஐயா, இதுல க்ளோபிடோக்ரெலும் சேர்ந்திருக்கு" என்றீர்கள். அதுவும் ரத்தம் உறையாமல் தடுக்கிற மருந்துதான், இரண்டும் ஒரே கேப்சூலில் இருந்திருக்கிறது. இரண்டு வருடமாக அதை விழுங்கியவனுக்கு அது தெரியாது. நீங்கள் கேஸ் ஷீட்டில் எழுதியதோடு விடாமல் மயக்க மருந்து டாக்டருக்கு உடனே போன் போட்டீர்கள்.

அன்று சாயங்காலம் என் கட்டிலைச் சுற்றி நடந்ததை நான் மறக்க மாட்டேன். எலும்பு டாக்டருக்கு அவசரம். இந்த முறிவுக்கு ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால் படுத்தே கிடந்து நெஞ்சில் சளி கட்டும், படுக்கைப் புண் வரும் என்றார். மயக்க மருந்து அம்மாவோ, அந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது முதுகில் ஊசி போட்டால் தண்டுவடத்தை ஒட்டி ரத்தம் கட்டி கால்கள் விளங்காமல் போகலாம், ஐந்து நாளாவது போகட்டும் என்றார். இதய டாக்டர் ஸ்டென்ட் வைத்த தேதியைக் கேட்டார். ஒரு வருடம் தாண்டிவிட்டதால் க்ளோபிடோக்ரெலை நிறுத்தலாம், ஆஸ்பிரினைத் தொடவே கூடாது என்றார். மூவர் சொன்னதும் நியாயம். குரல் கொஞ்சம் உயர்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருந்தீர்கள். கடைசியில் ஐந்து நாள் காத்திருப்பது, அதுவரை காலுக்கு எடை கட்டுவது, தினமும் மூச்சுப் பயிற்சி என்று முடிவானது. எலும்பு டாக்டரே என் வீட்டுக்காரியிடம் திரும்பி, "நான் நாளைக்கே பண்ணணும்னுதான் நெனச்சேன்மா, இவங்க சொல்றதும் சரிதான்" என்று காரணத்தோடு விளக்கினார். முடிவை எங்களிடம் சொல்ல வந்தவர், அதை முதலில் மறுத்தவரே. அதனால்தான் எங்களுக்கு நம்பிக்கை வந்தது.

சரி, கால் விஷயத்துக்கு வருகிறேன். ஆபரேஷன் அன்று "உங்க பேரு என்ன, எந்தக் கால்?" என்று வார்டில், தியேட்டர் வாசலில், உள்ளே என ஐந்து பேர் கேட்டார்கள். தொடையில் மார்க்கர் பேனாவால் அம்புக்குறி வேறு. மூன்றாவது தடவை எனக்குக் கோபமே வந்தது. "எடை தொங்குற கால் கண்ணுக்குத் தெரியலையா?" என்று ஒரு தங்கச்சியிடம் கத்திவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

முதுகில் ஊசி போட்டதால் இடுப்புக்குக் கீழே மரத்துவிட்டது, ஆனால் நான் விழித்திருந்தேன். கத்தி வைப்பதற்கு முன் எல்லோரும் நின்றீர்கள். ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் சொன்னீர்கள். ஒரு சிஸ்டர் தாளைப் பார்த்து என் பெயர், இடது இடுப்பு, ஆன்டிபயாடிக் போட்டாயிற்றா என்று சத்தமாக வாசித்தார். தினமும் ஒன்றாக வேலை செய்கிறவர்கள் எதற்குப் பெயர் சொல்ல வேண்டும் என்று அப்போது சிரிப்பாக இருந்தது.

காரணம் ஒன்றே கால் மணி நேரம் கழித்துத் தெரிந்தது. தைக்கப்போகும் நேரம். உள்ளே ரத்தம் ஒற்றுகிற துணிக்கு மாப் என்று பெயர், தைக்கும் முன் அதை எண்ணுகிறார்கள். "சார், மாப் பத்துல ஒன்பதுதான் இருக்கு." சின்னக் குரல், புதிதாக வேலைக்கு வந்த பெண்ணாக இருக்க வேண்டும். "நல்லா எண்ணும்மா." மறுபடி எண்ணும் சத்தம். "ஒன்பதுதான் சார்." அந்த இரண்டாவது "ஒன்பதுதான்" கொஞ்சம் நடுங்கியது, ஆனாலும் வந்தது. முன்னாலேயே பெயர் சொல்லி வாய் திறந்தவள் அல்லவா. பெரிய டாக்டர் கையை நிறுத்திவிட்டார். "சரி, தேடுங்க. கிடைக்கலன்னா சி-ஆர்ம் கொண்டாங்க." சி-ஆர்ம் என்பது தியேட்டருக்குள்ளேயே எக்ஸ்ரே பார்க்கும் மிஷின். அந்தத் துணியில் எக்ஸ்ரேயில் தெரிகிற மாதிரி ஒரு நூல் ஓடுகிறதாம். என் தலைமாட்டில் இருந்த மயக்க மருந்து அம்மா கடிகாரத்தைப் பார்த்து, "மரப்பு இன்னும் முக்கால் மணி நேரம் தாங்கும், நிதானமா பாருங்க" என்றார். கடைசியில் தரையில் குனிந்து பக்கெட்டுக்கு அடியிலிருந்து அதை எடுத்தது துப்புரவு வேலை பார்க்கும் அக்கா. "இந்தா இருக்கு சார்!" யாரும் யாரையும் திட்டவில்லை. "தேங்க்ஸ்மா, ரெண்டு பேருக்கும்" என்று சொல்லிவிட்டு டாக்டர் தைக்க ஆரம்பித்தார்.

துணிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கண்ணீர் வந்தது. வலி இல்லை, பழைய ஞாபகம். 1989-இல் நான் ஹெல்ப்பர். ஒரு வண்டியில் பிரேக்குக்குப் போகும் காற்றுக்குழாயில் மெல்ல 'ஸ்ஸ்' என்று சத்தம் கேட்டது. சீனியர் ஃபிட்டர் அப்போதுதான் பார்த்து ஓகே போட்டிருந்தார். அவரிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்று ராத்திரி அந்த வண்டி காற்று இறங்கி, நடுக்காட்டில் பிரேக் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. ஐம்பது பேர் விடியும்வரை ரோட்டோரம். யாருக்கும் அடி இல்லை என்பது என் அதிர்ஷ்டம்.

வீட்டுக்கு வந்ததும் மகள் போனில் தேடிப் படித்துக் காட்டினாள். தியேட்டரில் சிஸ்டர் சத்தமாக வாசித்த அந்தத் தாள் உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்ததாம், 19 விஷயங்கள் சரிபார்க்க. டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் வைத்துப் பார்த்ததில், ஆபரேஷனுக்குப் பின் இறந்தவர்கள் நூற்றுக்கு 1.5-இலிருந்து 0.8 ஆகக் குறைந்திருக்கிறார்கள். 1977-இல் டெனெரிஃப் தீவில் இரண்டு விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் செத்ததையும் வாசித்தாள். எதிரே இன்னொரு விமானம் இன்னும் விலகவில்லையோ என்று ஃப்ளைட் இன்ஜினியர் கேட்டிருக்கிறார், கேப்டன் அதைத் தள்ளிவிட்டு ஓட்டியிருக்கிறார். கேப்டன் தள்ளிவிட்ட பிறகு அவர் மறுபடி கேட்கவில்லை. அந்தப் பெண் இரண்டாவது முறையும் "ஒன்பதுதான் சார்" என்றாள்.

காப்பீட்டுத் திட்ட கவுன்டரில் ரேஷன் கார்டு நகலைத் தானே எடுத்துக்கொடுத்த தம்பிக்கும், ரத்தம் கொடுத்த முகம் தெரியாத இரண்டு பேருக்கும், வலிக்குது என்றாலும் விடாமல் நடக்கவைத்த பிசியோதெரபி பெண்ணுக்கும் நன்றி. அவள்மேல் மட்டும் இன்னும் கொஞ்சம் கோபம் இருக்கிறது.

இப்போது வாக்கர் பிடித்து வாசல்வரை போகிறேன். வரும் செவ்வாய்க்கிழமை ஓபி-க்கு வருகிறேன். வராண்டா பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். தியேட்டர்க்காரர்கள் அந்தப் பக்கம் போனால் ஏதாவது ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள், குரலை வைத்து யாரென்று சொல்லிவிடுவேன். அந்த "ஒன்பதுதான்" பெண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.