'செலவழிக்கத் தெரியாத' ஊராட்சிகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'ஒன்றிய அரசு அள்ளிக் கொடுக்கிறது. ஊராட்சிகளுக்குத்தான் செலவழிக்கத் தெரியவில்லை' என்று தங்கள் தலையங்கம் தீர்ப்பு எழுதிவிட்டது. ஒன்றிய வரிப் பணத்தை மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் பங்கிடப் பரிந்துரைக்கும் நிதிக்குழுவின் விதிகள் தாங்கள் அறியாதவை அல்ல. அவசரத்தில் விட்டுப்போயிருக்கும் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

15வது நிதிக்குழு மானியத்தில் (2021-26) ஊராட்சிக்கு 100 ரூபாய் என்றால் 60 ரூபாய் 'டைடு', அதாவது சொன்ன வேலைக்கு மட்டும். அதில் பாதி குடிநீர், மழைநீர் சேமிப்புக்கு, மறுபாதி துப்புரவுக்கு. மிச்சம் 40 ரூபாய்க்கு 'அன்டைடு' (கட்டுப்பாடற்றது) என்று பெயர்தான்; அதிலும் சம்பளம், நிர்வாகச் செலவு கூடாது. மேல்நிலைத் தொட்டி கட்டலாம். விடியற்காலையில் வந்து மோட்டார் போடும் ஆபரேட்டருக்கு அதிலிருந்து ஒரு ரூபாய் தர முடியாது. புயலில் தெருவிளக்கெல்லாம் போய்விட்டால், துப்புரவுக் கணக்கில் பணம் கிடந்தாலும் அதில் ஒரு பல்பு வாங்க வழியில்லை. தானேவையும் ஃபெஞ்சலையும் பார்த்த மாவட்டத்துக்கு இதை விளக்க வேண்டாம்.

இருக்கும் பணத்தையாவது எடுக்க விடுகிறார்களா? வேலையைக் கிராம சபையில் வைத்து, வளர்ச்சித் திட்டத்தில் சேர்த்து, ஒன்றிய அரசின் இ-கிராம்ஸ்வராஜ் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றாத வேலைக்குப் பில் போட முடியாது. லோ வோல்டேஜில் காயில் கருகும் நீர்மூழ்கி மோட்டார், அக்டோபர் 2 கிராம சபை வரட்டும் என்று காத்திருப்பதில்லை. பில் போட்டாலும் இரண்டு டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். ஒன்று காலாவதியானாலும் பட்டுவாடா நின்றுவிடும். கருகிய காயிலை மாற்றிக் கட்டும் ரீவைண்டிங் கடைக்காரரின் வங்கி ஐஎஃப்எஸ்சி எண் மாறியிருந்தால் போன பணம் திரும்பி வரும். அடுத்த முறை அவர் ரொக்கம் வைத்தால்தான் மோட்டாரைத் தொடுவார். மார்ச் 31-ல் கணக்கில் மிச்சம் நிற்கிறது. தங்களுக்குத் தலையங்கம் கிடைக்கிறது.

தவணை ஆண்டுக்கு இரண்டு. அதை வாங்கத் தணிக்கைக் கணக்கு இணையத்தில் ஏறியிருக்க வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமும் இருக்க வேண்டும். கடலூர் உட்பட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பர் தேர்தலில் தேர்வான ஊராட்சி மன்றங்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, அவற்றின் இடத்தில் அரசின் தனி அலுவலர்கள் வந்தார்கள். தேர்தல் நடத்த வேண்டியது ஊராட்சியா? மானியம் நிற்பது மட்டும் ஊராட்சிக்கு!

இந்த மானியத்தில் பங்கு பிரிக்க எடுத்துக்கொண்ட மக்கள்தொகையும் 2011 கணக்கு. அதற்குப் பிறகு மனைப் பிரிவு போட்டு முளைத்த நகர்களில் மட்டும் குப்பை சேராதா என்ன?

தென்பெண்ணையைத் தாண்டிப் பாகூர் பக்கம் போனால் இதைவிட மோசம். புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால் நிதிக்குழுவின் உள்ளாட்சி மானியமே அங்கு இல்லை. 1968-க்குப் பிறகு 2006-ல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது; 2011-ல் அந்தப் பதவிக்காலமும் முடிந்தது. அங்குள்ள கிராமப்புற உள்ளாட்சிகளான கொம்யூன் பஞ்சாயத்துகளை அதிகாரிகள் நடத்துகிறார்கள். அதற்குத் தாங்கள் தலையங்கம் எழுதி நான் பார்த்ததில்லை.

கோடிகளைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது, டைடு எவ்வளவு, அன்டைடு எவ்வளவு, தவணை ஊராட்சிக் கணக்கில் ஏறிய தேதி எது என்று மூன்றே வரி சேர்த்துப் போடுங்கள். விளம்பரத்துக்கு விட்ட இடம் போக அவ்வளவு இடம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
ஊராட்சிக் கணக்கு பார்த்த வாசகர்,
நெல்லிக்குப்பம், கடலூர் மாவட்டம்.